அந்தமானுக்குப் போவதா வேண்டாமா: 2021 ஏப்ரல் நாட்குறிப்பு

ஏப்ரல் 5, திங்கள்

நாடு முழுக்க ஒரே நாளில் கொரோனா தொற்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று காலையில் செய்தி. போன வருஷம் செப்டம்பரில் உச்சத்தில் இருந்தபோதுகூட இந்த எண்ணிக்கை வரவில்லை. வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். ஏப்ரல் 30 காலை சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமான டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறோம். நான், அவர், ஒன்பதாவது படிக்கும் மகன், அப்பா, அம்மா. பிப்ரவரியில் எடுத்தது. அப்போது தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு ஐந்நூறு பேர்கூட இல்லை, தியேட்டர்கள் முழுசாகத் திறந்துவிட்டன, கல்யாண வீடுகளில் பந்திக்கு இடம் பிடிக்க மறுபடி நெருக்கியடித்தார்கள். முடிந்தது என்றுதான் ஊரே நினைத்தது. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அது 27ஆம் தேதி. அதனால்தான் 30.

அந்தமான் ஏன் என்றால் அப்பாவின் தம்பி அங்கே இருக்கிறார். எண்பதுகளில் வேலைக்காகக் கப்பல் ஏறிப் போனவர், அங்கேயே வீடு கட்டி, அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டார். சித்தப்பாதான் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மதுரைக்கு வருவார். அப்பா இதுவரை அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அப்பாவுக்கு இப்போது 68 வயசு, சர்க்கரை இருக்கிறது. இரண்டு நாள் சித்தப்பா வீடு, அப்புறம் ஹேவ்லாக் தீவில் ஒரு சின்ன லாட்ஜில் இரண்டு ராத்திரி, மறுபடி போர்ட் பிளேர் என்று திட்டம். லாட்ஜுக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. ஹேவ்லாக்கின் பெயரை 2018லேயே ஸ்வராஜ் தீவு என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் சித்தப்பா இன்னமும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார், எங்களுக்கும் அதுவே வாயில் வருகிறது.

அந்தமானுக்குள் நுழைய ஆர்டி-பிசிஆர் என்கிற கொரோனா டெஸ்டில் நெகட்டிவ் வந்த சான்று வேண்டும், பயணத்துக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். இப்போதைக்குத் தடை இல்லை. நாளைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு உட்கார்ந்து பேசலாம் என்று அவர் சொன்னார்.

ஏப்ரல் 8, வியாழன்

இன்றைக்கு ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். பெரியப்பாவுக்குத் திதி. கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று நானும் அவரும் மகனும் மட்டும் காரில் போனோம். விடியும் முன்னே மதுரை திருநகரிலிருந்து கிளம்பி, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி, மண்டபத்தில் டீ குடித்துவிட்டுப் பாம்பன் பாலம் ஏறினோம். பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று போர்டு இருக்கிறது, எல்லோரும் நிறுத்துகிறார்கள். பக்கத்திலேயே கீழே 1914இல் திறந்த ரயில் பாலம் கடல் மட்டத்தை ஒட்டினாற்போல் கிடக்கிறது. கப்பல் போக நடுவில் இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும் அந்த இடத்தை மகன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் வந்த சாலைப் பாலம் 1988இல் வந்தது. அதுவரை காரோ பஸ்ஸோ இந்தத் தீவுக்குள் நேராக வர வழி கிடையாது, ரயில்தான்.

பெரியம்மா வீட்டுப் பின்பக்கம் மல்லிகை நாற்றங்கால். மதுரை மல்லி என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியிருக்கும் பூவுக்கு நாற்று போவது இந்தத் தீவின் மணலிலிருந்துதான் என்பது மதுரையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. விரல் நீளக் குச்சிகளை மணல் பாத்தியில் நெருக்கமாகச் செருகி வைத்திருக்கிறார்கள். பெரியம்மா ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார், அடியில் வெள்ளை நூல் மாதிரி வேர் விட்டிருந்தது, மணல் ஒட்டவே இல்லை, ஒரு உதறலில் கொட்டிவிட்டது. அதனால்தான் இந்த மண் நாற்றுக்கு ஏற்றது என்றார். போன வருஷம் ஊரடங்கில் கட்டி வைத்த நாற்றுக் கட்டுகள் ஈரச் சாக்கிலேயே கிடந்து காய்ந்ததையும் சொன்னார். வாங்க வருகிறவர்கள் பாலம் தாண்ட முடியவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது அந்தமான் பேச்சு வந்தது. பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க ஆஸ்பத்திரி எத்தனை இருக்கு?" என்பதுதான். போன வருஷம் இவர்கள் தெருவில் ஒருத்தருக்கு மூச்சுத்திணறல் வந்து 108இல் ராமநாதபுரம் கொண்டுபோனார்களாம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் இருக்கும், அங்கேயும் முடியாமல் மதுரைக்கு அனுப்பினார்களாம். "பாலம் இருக்கப் போயி பொழைச்சாரு" என்றார். நான் அதுவரை டெஸ்ட், சான்று, டிக்கெட் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். தீவில் குடியிருக்கிறவருக்கு முதலில் ஆஸ்பத்திரிதான் தோன்றுகிறது.

திரும்பும் முன் தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பர் புயலில் போன ஊர், தேவாலயச் சுவர் போன்ற இடிபாடுகள்தான் மிச்சம். அரிச்சல்முனை வரை 2017இல் சாலை போட்ட பிறகுதான் சாதாரண வண்டிகள் கடைசி முனை வரை வருகின்றன. வழியில் ஓலைக் கொட்டகை ஒன்றில் ஒரு அக்கா விளமீன் பொரித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்த நேரத்தில் உட்கார இடம் இருக்காதாம். இன்றைக்கு நாங்கள் மட்டும்தான். 15ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம் ஆயிற்றே, மீனுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். விசைப்படகுக்குத்தான் தடை, ஜூன் 14 வரைக்கும். "மீனு நாட்டுப்படகுல வந்துரும்மா. ஆளு வராட்டி யாருக்குப் பொரிக்கிறது?" என்றார்.

இதை எழுதி வைக்கக் காரணம் இருக்கிறது. வராதீர்கள் என்று தீவுக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள் என்று நானாக முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த அக்கா எங்களை வரச் சொன்னார், பெரியம்மா போக வேண்டாம் என்றார், இரண்டு பேரும் ஒரே தீவுதான்.

பரமக்குடி தாண்டும்போது போனில் அறிவிப்பு வந்தது. 10ஆம் தேதியிலிருந்து கட்டுப்பாடு. திருவிழாக்களுக்குத் தடை, பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது, கல்யாணத்துக்கு 100 பேர், இறப்புக்கு 50 பேர். வெளிமாநிலத்திலிருந்து வந்தால் இ-பாஸ், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரிக்கு மட்டும் விலக்கு. அந்தமான் அந்த மூன்றில் இல்லை. திருவிழாத் தடை என்றால் இந்த வருஷமும் அழகர் வைகைக்கு வர மாட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவர் பதில் பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 11, ஞாயிறு

சித்தப்பாவிடம் பேசினோம். முதலில் வழக்கம்போல், "அண்ணே, வாங்க, வீட்ல எடம் கெடக்கு, வெற்றிமலை முருகனுக்கு அர்ச்சனைக்குச் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தார். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, அந்த முருகன் கோயில் அவர்களுக்கு நம்ம திருப்பரங்குன்றம் மாதிரி. அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் போனை வாங்கி, பெரியம்மா கேட்ட கேள்வியைக் கேட்டேன்.

சித்தப்பா கொஞ்சம் யோசித்துச் சொன்னார். பெரிய கேஸ் எதுவானாலும் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிதான், மற்ற தீவுகளிலிருந்தும் அங்கேதான் கொண்டுவர வேண்டும். ஹேவ்லாக்கில் ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் படகு, அவசரம் என்றால் ஹெலிகாப்டர் கிடைக்க வேண்டும். அதுக்கும் மேலே சிகிச்சை வேண்டும் என்றால் சென்னைதான், கடல் வழி கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர், கப்பலில் மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். பாசிட்டிவ் ஆனவரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

போன வருஷம் ஆகஸ்டில் கிரேட் அந்தமானியப் பழங்குடியில் பத்துப் பேருக்குத் தொற்று வந்ததையும் சொன்னார். அந்த இனத்தில் மொத்தமே ஐம்பது சொச்சம் பேர்தான் மிச்சம். அவர்கள் பிழைத்துவிட்டார்கள். ஆனால் ஊருக்கு வந்துபோகிற வழியில் அங்கேயும் கிருமி போய்ச் சேர்ந்திருக்கிறது, பாருங்கள்.

அப்புறம் சித்தி போனை வாங்கி ஒரே வரியில் முடித்தார். "எங்களுக்காக வரலைன்னா நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம், நெசமாச் சொல்றேன்."

ஏப்ரல் 14, புதன்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ, எல்லாம் உண்டு. சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டுக்காரர் தன் பக்கத்தைச் சொன்னார், அதைச் சுருக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அது தப்பான பேச்சு இல்லை. அரசாங்கம் தடுக்கவில்லை. விமானம் ஓடுகிறது. நெகட்டிவ் வந்தால்தான் போகப்போகிறோம், முகக்கவசம் போடப்போகிறோம். அந்தமானில் எத்தனையோ குடும்பங்கள் படகு, லாட்ஜ், டாக்ஸி, சாப்பாட்டுக் கடை என்று சுற்றுலாவை நம்பி இருக்கின்றன, ஒரு வருஷமாகப் பட்டினி. போகிறவர்கள் எல்லோரும் ரத்து செய்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? தனுஷ்கோடி அக்காவை நீயும்தானே பார்த்தாய் என்றார்.

பார்த்தேன். அதனால்தான் இத்தனை நாள் குழம்பிக் கிடந்தேன். ஆனால் லட்சத்தீவு விஷயம் என் மனசை விட்டுப் போகவே இல்லை. 2020 முழுக்க அங்கே ஒரு கேஸ்கூட இல்லை. இந்தியாவிலேயே அப்படி இருந்தது அது ஒன்றுதான். காரணம் கொச்சியில் வைத்திருந்த கதவு: தீவுக்குப் போகிறவர் யாரானாலும் கொச்சியில் ஏழு நாள் தனிமையில் இருந்து, டெஸ்ட் எடுத்து, அப்புறம்தான் கப்பல் ஏற முடியும். டிசம்பர் கடைசியில் அதைத் தளர்த்தினார்கள். 48 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் சான்று இருந்தால் போதும் என்றார்கள். ஜனவரி 18இல் முதல் தொற்று. அப்புறம் அது பரவிக்கொண்டே போனது.

ஏழு நாள் செய்த வேலையை ஒரு காகிதத்தால் செய்ய முடியவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, கிருமி உள்ளே போனபின் அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும், சிலருக்கு 14 நாள்வரை. நேற்று தொற்றியவருக்கு இன்று மூக்கில் குச்சி விட்டால் நெகட்டிவ் என்றுதான் வரும். அந்தமானுக்கு நாங்கள் கொண்டுபோகப் போவதும் அதே 48 மணி நேரக் காகிதம்தான்.

அவர் இதற்குப் பதில் சொல்லவில்லை. வாதத்தில் தோற்று அடங்குகிற ஆள் இல்லை அவர், யோசிக்கிறார் என்று அர்த்தம்.

ஏப்ரல் 18, ஞாயிறு

தமிழ்நாட்டில் இன்று ஒரே நாளில் பத்தாயிரத்தைத் தாண்டியது. 20ஆம் தேதியிலிருந்து இரவு பத்து முதல் காலை நான்கு வரை ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு. பிளஸ் டூ தேர்வும் தள்ளிப்போனது. எதிர் வீட்டுப் பெண் மாடியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

டெஸ்ட் விவரம் கேட்கத் தனியார் லேப் ஒன்றுக்கு நேற்றே போயிருந்தேன். வரிசை வாசலைத் தாண்டி ரோட்டோரப் புங்கமரம்வரை நின்றது, பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள், டெஸ்ட் எடுக்கப் போனவருக்கு அந்த வரிசையிலேயே ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது. ஆளுக்கு 1,200 ரூபாய். முன்பெல்லாம் மறுநாள் முடிவு வந்துவிடும், இப்போது ஒன்றரை நாள், சில சமயம் அதுக்கும் மேலே என்றார்கள்.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டோம். விமானம் 30ஆம் தேதி காலை பத்து மணிக்கு மேல். அப்படியென்றால் 28ஆம் தேதி காலை பத்து மணிக்கு முன்னால் டெஸ்ட் எடுத்தால் செல்லாது. 29 ராத்திரி ஒன்பது மணிவாக்கில் மதுரையில் ரயில் ஏற வேண்டும், இரவு ஊரடங்கில் பஸ் ஓடாது, அதனால் ரயிலை விட்டால் வேறு வழி இல்லை. 28 காலை எடுத்த டெஸ்டுக்கு ஒன்றரை நாள் கழித்து முடிவு வந்தால் 29 ராத்திரி பத்து மணி. ரயில் திண்டுக்கல்லை நெருங்கும்போது எங்களில் ஒருத்தருக்குப் பாசிட்டிவ் என்று செய்தி வரலாம். அந்தப் பெட்டியில் இருக்கிற மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

எனக்கு இன்னொன்றும் அப்போதுதான் பளிச்சென்று பட்டது. டெஸ்ட் எடுப்பது மதுரையில். அதற்கப்புறம்தான் ராத்திரி முழுக்க ரயில், எழும்பூர், டாக்ஸி, சென்னை விமான நிலையம், நெருக்கி உட்கார்ந்து இரண்டு மணி நேர விமானம். நடு சீட்காரருக்கு ஒரு கவுன் கொடுப்பார்கள், அவ்வளவுதான். தொற்றுவதற்கு வாய்ப்பான இடம் அத்தனையும் டெஸ்ட் எடுத்த பிறகு வருகிறது. அதையெல்லாம் தாண்டி, ஒரே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற தீவில், நெகட்டிவ் என்று எழுதிய காகிதத்தைக் காட்டிவிட்டு இறங்கப்போகிறோம்.

தடுப்பூசியும் முடிந்தபாடில்லை. அப்பாவும் அம்மாவும் மார்ச் 20 முதல் டோஸ் போட்டார்கள், கோவிஷீல்டு. இரண்டே நாளில் இரண்டாவது டோஸுக்கு ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி என்று மாற்றிவிட்டார்கள், ஆக மே மாதம்தான். வீட்டுக்காரருக்கு 46 வயசு, போன வாரம்தான் முதல் டோஸ். எனக்கு 45 ஆகவில்லை, மகன் பேச்சே இல்லை.

ஏப்ரல் 21, புதன்

போகவில்லை என்று முடிவு செய்தோம்.

முடிவைச் சொன்னது அப்பா. காலையில் நடந்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "எனக்கு ஏதாச்சும்னா அந்த ஆஸ்பத்திரியில ஒரு பெட்டுல நான் படுப்பேன். என் தம்பிக்கு அன்னைக்கு அந்தப் பெட்டு வேணும்னா?" வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். சரி, ரத்து என்றார். அம்மா மட்டும், ராமேஸ்வரமாவது போய்விட்டு வரலாமே, அதுவும் தீவுதானே என்றார். அதுவும் தீவு என்பதால்தான் வேண்டாம் என்று நான் சொன்னேன், பெரியம்மா சொன்ன கதையையும் சொன்னேன். 8ஆம் தேதி நாங்கள் போய் வந்தது திதிக்கு. வேடிக்கை பார்க்க இப்போது போக வேண்டியதில்லை.

மகனுக்குத்தான் சமாதானம் ஆகவில்லை. ஒன்பதாவது ஆல் பாஸ், மார்ச்சிலிருந்து ஸ்கூலும் இல்லை, வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான், கடலுக்குள் பவளப்பாறை பார்ப்போம் என்று எத்தனையோ வீடியோ பார்த்து வைத்திருந்தான். அவனுக்கு நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை, அவன் வருத்தப்படுவது நியாயம்தான்.

டிக்கெட் விஷயம், இதே நிலைமையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். போன அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விமான டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னதே, அது நமக்கும் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு 2020 மார்ச் 25 முதல் மே 24 வரையிலான ஊரடங்குக் காலத்தை ஒட்டியது. இப்போது விமானம் ஓடிக்கொண்டிருக்கிறது, போகாதது நம் முடிவு. அதனால் விமான நிறுவனம் சொல்வதுதான் நடக்கும். நாங்கள் டிக்கெட் எடுத்த நிறுவனத்தில் பணம் திரும்பக் கிடையாது, ஆனால் அபராதம் இல்லாமல் தேதியை மாற்றித் தருகிறோம், கட்டண வித்தியாசம் மட்டும் கட்டணும் என்றார்கள். அந்த பதிலை வாங்குவதற்குள் போன் லைனில் பாட்டு கேட்டுக் காது வலித்துவிட்டது. ரத்து செய்வதா தேதி மாற்றுவதா என்று தீர்மானிக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள், ரத்து பட்டனை அழுத்திவிட்டால் அப்புறம் தேதி மாற்ற முடியாது.

ஏப்ரல் 24, சனி

மீனாட்சி திருக்கல்யாணம். பக்தர்கள் யாருக்கும் அனுமதி இல்லை, இரண்டாவது வருஷம். டிவியில் பார்த்தோம். அம்மாவும் நானும் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டோம். வழக்கமாக அந்த நேரம் மாசி வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. இன்று காமிராவில் குருக்கள்மார்கள் மட்டும் தெரிந்தார்கள். 27ஆம் தேதி அழகரும் அழகர்கோவில் வளாகத்தை விட்டு வெளியே வரப்போவதில்லை.

சாயங்காலம் ஹேவ்லாக் லாட்ஜ்காரருக்குப் போன் போட்டேன். வரவில்லை என்று சொன்னதும், "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றார், கோபம் இல்லை, களைத்த குரல். முன்பணத்தைத் திருப்பி அனுப்ப அக்கவுண்ட் நம்பர் கேட்டார். வேண்டாம், அதை வைத்துக்கொள்ளுங்கள், தடுப்பூசி எல்லோருக்கும் முடிந்ததும் வருகிறோம், அப்போது கழித்துக்கொள்ளலாம் என்றேன். இதை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். வீட்டுக்காரர் சொன்ன வாதத்தில் எனக்கு மறுக்க முடியாமல் நின்றது தீவுக்காரர்களின் இந்த வருமானம்தான். ஆள் போகாமலே அதில் கொஞ்சத்தையாவது நேர் செய்ய முடிகிறதென்றால் அதைச் செய்ய வேண்டும்.

எந்த மாதம் என்று எழுதிக்கொள்வது என்று லாட்ஜ்காரர் கேட்டார். மழை விட்டபின் டிசம்பர், ஜனவரிதான் கடல் தெளிவாக இருக்கும் என்று அவரே யோசனை சொன்னார். ஜனவரி என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன். அப்பா சித்தப்பாவுக்குப் போன் போட்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தார், பொங்கலை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று சித்தி கேட்கிறாராம்.